அண்ணன் கைதட்டிய பதினெட்டு மைல்

எங்கள் சனிக்கிழமை ஓட்டக் கூட்டத்தில் புதிதாகச் சேரும் பெண்களுக்காக என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். என்ன ஷூ வாங்குவது, ஓடும்போது எப்போது தண்ணீர் குடிப்பது என்று ஏதாவது எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார்கள். அதையெல்லாம் என்னோடு ஓடும் ஹேமா சொல்வாள். நான் எழுதப்போவது மருத்துவமனையில் கிடந்த நாட்களைப் பற்றி. படித்து முடித்ததும் உங்களில் ஒருத்தியாவது ஊருக்குப் போன் போட்டு, "நம்ம வீட்ல யாருக்கு என்ன வியாதின்னு ஒண்ணு விடாம சொல்லுங்க" என்று அதட்டிக் கேட்டால் எனக்குப் போதும்.

என் பெயர் பூங்கொடி. ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். அமெரிக்காவுக்கு, இந்தப் பிஸ்கட்டவேக்கு வந்து வருடம் பல ஆகிறது. எனக்கு மருந்து கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் வேலை, கணவர் மோகனுக்கு ஐடி. ஒரே மகள் தாரிணி, ஹைஸ்கூல் கிராஸ் கன்ட்ரி அணியில் ஓடுகிறாள். நாற்பது வயது வரை நான் பஸ் பிடிக்கக்கூட ஓடியவள் இல்லை. மகளை ப்ராக்டிஸுக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டு காரில் சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பதில் கொஞ்சம் நடக்கலாமே என்று ஆரம்பித்தேன். நடை ஓட்டமாகி, ஓட்டம் பைத்தியமாகி, இரண்டு அரை மராத்தான் முடித்து, போன வருடம் முழு மராத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.

பயிற்சி என்றால் லேசில்லை. வாரத்தில் நான்கு நாள் சின்ன ஓட்டம், சனிக்கிழமை நீண்ட ஓட்டம், ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக தூரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கால்வாய் ஓரமாக நிழலான மண்பாதையில் நானும் ஹேமாவும் ஓடுவோம். ஹேமா மாம்பலத்துக்காரி. ஓடும்போதும் வாய் மூடமாட்டாள், அவள் மாமியார் கதையிலேயே எனக்கு ஆறேழு மைல் தெரியாமல் போய்விடும். ஓடும்போது தெம்புக்கென்று கடைகளில் விற்கும் இனிப்பு ஜெல் பாக்கெட் எங்கள் இருவருக்கும் குமட்டும். இடுப்புப் பையில் கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும் வைத்திருப்போம்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஓடி முடித்து, வேர்வையோடு ஒரு படம் எடுத்து ஊரில் உள்ளவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். அம்மா கும்பிடும் பொம்மை போடுவார். அண்ணி ஒரு பூ போடுவார். என் ஒரே அண்ணன், கோபியில் உரக்கடை வைத்திருப்பவர், வரிசையாகக் கைதட்டும் பொம்மை போடுவார். பதினெட்டு மைல் ஓடிய அன்று ஒரு வரி முழுக்கக் கைதட்டியிருந்தார். அதைப் பார்த்துவிட்டு அன்று பூராவும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

உடம்பு முன்பே சொல்லிப் பார்த்தது. முழுப் பயிற்சி தொடங்கும் முன்பே, மேடு ஏறும்போது சில நாள் கண் இருட்டும். கையில் கட்டியிருக்கும் வாட்ச் இதயத் துடிப்பை எங்கேயோ கொண்டுபோய்க் காட்டும். வாட்ச் பொய் சொல்கிறது என்று நினைத்தேன். வருடாந்தரப் பரிசோதனைக்குப் போனபோது எங்கள் குடும்ப டாக்டரிடம் இதைச் சொன்னேன். ஈசிஜி எடுத்துப் பார்த்து, கொஞ்சம் வித்தியாசமாக இருக்கிறது என்றார். குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா, யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அப்பா தோட்டத்தில் வெயில் தாக்கி விழுந்து இறந்தவர். அது வெயிலின் கணக்கு, இதயத்தின் கணக்கு இல்லை என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு. அப்படியென்றால் கவலையில்லை, நிறைய ஓடுகிறவர்களின் இதயம் கொஞ்சம் தடித்து ஈசிஜி இப்படிக் காட்டுவது உண்டு, ரன்னர்ஸ் ஹார்ட் என்பார்கள், குடும்பத்தில் யாருக்காவது இருந்தால்தான் மேலே பார்க்க வேண்டும் என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து மோகனிடம், "எனக்கு அத்லீட் ஹார்ட்டாம்" என்று பீற்றிக்கொண்டேன். மோகன் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்து, "நல்லதாப் போச்சு" என்றார். அவர் முகத்தில் அன்று ஏதோ பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. என் மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

இருபது மைல் ஓட வேண்டிய சனிக்கிழமை, கடைசி மைலில், தண்ணீர் குடிக்க நின்றேன். நின்றதுதான் தெரியும். கண் விழித்தபோது கன்னத்தில் மண் ஒட்டியிருந்தது. ஹேமா என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"கண்ணத் தொறடி! என்னப் பாரு! பூங்கொடி, என்னப் பாருடி!"

சைக்கிளில் வந்த ஒரு வெள்ளைக்காரர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். எனக்கு ஒன்றுமில்லை, எழுந்து மிச்சத்தையும் ஓடி முடித்துவிடுகிறேன் என்று நான் சொன்னதாக ஹேமா பிற்பாடு சொன்னாள். பைத்தியம் என்று சொன்னேனே, அது இதுதான்.

எமர்ஜென்சியில் முதலில் எல்லாரும் தண்ணீர் பற்றாக்குறை என்றே நினைத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். ட்ரோபோனின் அதிகமாக இருந்தது. இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும் புரதம் அது. ஆனால் நீண்ட தூரம் ஓடினாலும் கொஞ்சம் கசியுமாம். எதைக் கேட்டாலும் ஓடுகிறவர்களுக்கு இப்படியும் இருக்கலாம் என்ற பதில்தான் வந்தது. ஓடாமல் சோபாவில் கிடந்திருந்தால் அன்றே கண்டுபிடித்திருப்பார்களோ என்னவோ.

மேல் மாடியில் ஒரு அறைக்கு மாற்றினார்கள். நெஞ்சில் ஸ்டிக்கர் ஒட்டி, ஒயர் மாட்டி, கவுன் பையில் ஒரு சின்னப் பெட்டி. என் இதயம் துடிப்பதை எங்கோ ஒரு அறையில் ஒருவர் நாள் முழுக்கத் திரையில் பார்த்துக்கொண்டே இருப்பாராம். புரண்டு படுத்து ஒரு ஸ்டிக்கர் கழன்றாலும் நர்ஸ் ஓடி வருவார். அறையின் நடுவே தொங்கிய திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பாட்டியம்மா இருந்தார், டிவியில் யாரோ பரிசு ஜெயிக்கும் நிகழ்ச்சியைச் சத்தமாக வைத்துக்கொண்டு, தப்பாகப் பதில் சொல்கிறவர்களைத் திட்டிக்கொண்டிருப்பார். எனக்கு அது ஒரு துணையாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை எக்கோ எடுத்தார்கள். குழந்தையை வயிற்றில் பார்க்கிற அதே ஸ்கேன்தான், இதயத்துக்கு. எடுத்த பெண் அதுவரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவள், ஓரிடத்தில் நின்று திரும்பத் திரும்ப அளந்தாள், பேச்சை நிறுத்திவிட்டாள். அன்று மாலையே எம்ஆர்ஐ. குழாய்க்குள் படுக்க வைத்து, மூச்சை இழு, பிடி, விடு என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கும். ஓடும்போது மூச்சை எப்படி ஆள்வது என்று மாதக்கணக்காகப் பழகியவள் நான். அங்கே மூச்சைப் பிடித்தபடி கிடந்து அழுதேன்.

செவ்வாய்க்கிழமை காலை இதய டாக்டர் வந்தார். உயரமான பெண்மணி, அவசரமே இல்லாதவர். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஒரு பேப்பர் டவலில் இதயத்தை வரைந்து காட்டினார். கீழே இரண்டு அறைகள். நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவர் எனக்கு இருக்க வேண்டியதைவிட ரொம்பத் தடிமன். ஓடும்போது இதயம் வேகமாகச் சுருங்கும் நேரத்தில் அந்தச் சுவர் ரத்தம் வெளியேறும் வாசலை அடைக்கிறது, அதனால்தான் மயக்கம். அதைவிட மோசம், தடித்த தசையில் துடிப்பின் தாளம் தறிகெட்டுப் போகலாம். அப்படிப் போனால் விழுகிறவர் எழுந்திருப்பது அபூர்வம். ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்று பெயர். அதை எழுதியும் காட்டினார்.

"ரன்னர்ஸ் ஹார்ட்" என்று இழுத்தேன். இல்லை என்று தலையாட்டினார். இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது, குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் கூடப் பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் கட்டாயம் பார்க்க வேண்டும் என்றார். மகள் ஓடுகிறாள் என்றதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பரிசோதனை முடியும் வரை அவள் போட்டிகளில் ஓட வேண்டாம் என்றார். உங்கள் அப்பா எப்படி இறந்தார் என்று மறுபடி கேட்டார். வெயில் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல முடியவில்லை.

அவர் போனதும் எனக்கு மராத்தான் போச்சே என்றுகூடத் தோன்றவில்லை. அண்ணன் ஞாபகம்தான் வந்தது. அவர் எனக்கு ஏழு வயது மூத்தவர், மூட்டை தூக்கிக்கொண்டு கடையில் நிற்கிறவர், டாக்டரிடம் போகவே மாட்டார். அவரிடம் இதை எப்படிப் பயமுறுத்தாமல் சொல்வது என்று படுத்தபடியே ஒத்திகை பார்த்தேன். அம்மாவுக்குத் தெரியக் கூடாது, அது முதல் முடிவு.

நம் வீடுகளின் வழக்கம் இது, தெரியாதவர் யார்? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனது கட்டுப் பிரித்த பிறகுதான் எனக்குத் தெரியும். பெரியப்பா இறந்த செய்தி காரியமெல்லாம் முடிந்துதான் வந்தது. நாங்களும் சளைத்தவர்கள் இல்லை. மோகனுக்கு வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த மாதங்களில், ஊரிலிருந்து வீடியோ கால் வந்தால் மேல் சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு ஆபீஸ் போகிற மாதிரி உட்காருவார். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எல்லாரும் சௌக்கியமாகவே இருக்கிறோம், ஒருத்தர் சாகிற வரைக்கும்.

கையில் ஊசி இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்தேன். ஊரில் அப்போது சாயங்காலம். மோகன் பக்கத்தில் நின்று ஜக்கிலிருந்து எனக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சொல்லு பாப்பா. என்ன, இன்னிக்கு ஆபீஸ் இல்லையா?"

"லீவு போட்டிருக்கேனுங்ண்ணா. நீங்க பயப்படக் கூடாது. எனக்கு ஹார்ட்ல சின்னதா ஒண்ணு இருக்குதுன்னு சொல்றாங்க. நடுச்சுவரு கொஞ்சம் தடிச்சிருக்குதாம். குடும்பத்துல வர்றதாம். அதனால நீங்களும் ஒருக்கா கோயமுத்தூர் போயி எக்கோ எடுத்துப் பார்த்துருங்க. ஒண்ணும் இருக்காது. சும்மா பார்த்து வெச்சுக்கறது நல்லதுதானுங்களே."

கடைக்கு வெளியே லாரி ஹாரன் கேட்டது.

"அண்ணா?"

"பாப்பா, எனக்கும் அதேதான் சாமி."

"என்னதுங்?"

"முந்தின வருசமே பேட்டரி வெச்சாச்சு. நெஞ்சுல. நீ அங்க ஒத்தையில கெடக்கறவ, கேட்டா மனசு உட்டுருவீன்னுதான் சொல்லல."

ஒத்தையிலாம். பிஸ்கட்டவேயில் தெருவுக்கு நாலு தமிழ்க் குடும்பம்.

"கூடப் பொறந்தவங்களைப் பார்க்கச் சொல்லி அந்த டாக்டர் சொல்லலையாண்ணா?"

"சொன்னாரு, சொன்னாரு. அதான் மாப்பிள்ளைகிட்ட அப்பவே சொன்னனே, நேரம் பார்த்து பக்குவமாச் சொல்லுங்கன்னு. ஏன், அவரு சொல்லலையா?"

தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது. நான் மோகனைப் பார்த்தேன். அவர் ஜக்கை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போனை அணைத்தேன்.

"சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார் ஜன்னலைப் பார்த்தபடி. "நீ முதல் ஹாஃப் மராத்தானுக்கு ட்ரெயின் பண்ணிட்டிருந்த. அவ்வளவு சந்தோஷமா இருந்த. அப்புறம் உனக்கு ஈசிஜி எடுத்து டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டார். சரி, இனி எதுக்கு உன்னைப் போட்டுக் குழப்பணும்னு விட்டுட்டேன்."

"அவர் ஏன் ஒண்ணுமில்லன்னார்? வீட்ல யாருக்கும் இல்லன்னு நான் சொன்னதாலதான் சொன்னார். நீங்க சொல்லியிருந்தா நான் அப்படிச் சொல்லியிருப்பேனா?"

திரைக்கு அந்தப் பக்கம் பாட்டியம்மா டிவி சத்தத்தைக் குறைத்தார். தமிழ் தெரியாவிட்டாலும் சண்டை தெரியும்.

என் இதயம் செய்தது துரோகம் இல்லை. அது என்னால் முடியவில்லை என்று மேட்டுக்கு மேடு கத்திக்கொண்டுதான் இருந்தது. என் ஆட்கள்தான் வாயை மூடிக்கொண்டார்கள். அண்ணன், அண்ணி, அம்மா, என் கணவர், எல்லாருக்கும் தெரியும். பிறகு மோகனே சொன்னார், நான் இல்லாமல் அவர்கள் எல்லாரும் இன்னொரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்களாம், அண்ணன் ஆபரேஷனுக்காக. மோகனும் அதில் உண்டு. நெஞ்சுக்குள் பேட்டரியை வைத்துக்கொண்டு என் அண்ணன், அதே வியாதி எனக்கும் இருக்கலாம் என்று தெரிந்துகொண்டே, பதினெட்டு மைலுக்கு ஒரு வரி கைதட்டியிருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இன்று எழுதும்போதும் வருகிறது.

மயக்கம் போட்டு விழுந்தது, அண்ணனுக்கு இருப்பது, அப்பா போன விதம், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து எனக்கும் அந்தப் பேட்டரியை வைப்பது என்று டாக்டர் முடிவு செய்தார். ஐசிடி என்பார்கள். தாளம் தப்பினால் உள்ளேயிருந்தே ஒரு அடி கொடுத்து இதயத்தைச் சரிசெய்யும் கருவி. புதன்கிழமை இடது தோள் எலும்புக்குக் கீழே கீறி, தோலுக்கடியில் வைத்தார்கள். பாதி மயக்கத்தில் யாரோ சட்டைப் பையில் எதையோ திணிக்கிற மாதிரி இருந்தது. இடது கையைச் சில வாரங்களுக்குத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. மராத்தான் இனி கிடையாது. நடக்கலாம், மெதுவாக. பேசிக்கொண்டே போகிற வேகத்துக்கு மேல் கூடாது என்றார்கள்.

ஹேமா பிளாஸ்கில் மிளகு ரசம் கொண்டுவந்தாள். உப்பில்லாத ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக்கு அது அமிர்தம். அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கேட்டுவிட்டு, "உங்க ஆத்துக்காரரை நான் ஒரு நாள் தனியா கவனிச்சுக்கறேன்" என்றாள். மோகன் அப்போது அறையில்தான் இருந்தார். அவரும் நல்லவராகத்தான் இருந்தார், அதுதான் கொடுமை. நாற்காலியிலேயே தூங்கினார். இன்சூரன்ஸ்காரர்களோடு மணிக்கணக்கில் போனில் மல்லுக்கு நின்றார். என்னால் கை தூக்க முடியாது என்று தலை வாரிப் பின்னிவிட்டார். அந்தப் பின்னல் கோணல்மாணலாக வந்தது. அவர் விரல் தலையில் பட்டபோது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இரண்டையும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

தாரிணி தினமும் ப்ராக்டிஸ் முடிந்து வேர்வையோடு வந்து பார்த்துவிட்டுப் போவாள். அவளிடம் அம்மாவுக்குத் துடிப்பில் சின்னக் கோளாறு என்று மட்டும் சொல்லியிருந்தோம். அவளுக்கு அடுத்த வாரம் டாக்டரிடம் நேரம் வாங்கியாகிவிட்டது. அவளுக்கு சனிக்கிழமை பெரிய போட்டி இருந்தது.

"வியாழக்கிழமை நீ வீட்டுக்கு வந்துருவ" என்றார் மோகன். "அப்ப உட்கார்ந்து நிதானமா சொல்லிக்கலாம். போட்டிக்கு முன்னாடி சொன்னாப் போதுமே. இங்க ஒயரோட உன்னைப் பார்த்துட்டே கேட்டா குழந்தை தாங்க மாட்டா."

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் அது. எனக்கு உடம்பிலும் மனதிலும் தெம்பே இல்லை. சரி என்றேன்.

வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தேன். தாரிணியைச் சோபாவில் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சுவர், வாசல், பரம்பரை, மாமா, தாத்தா, ஒன்றையும் விடவில்லை. போட்டிக்குப் போக முடியாது என்றும் சொன்னேன். அவள் அழவில்லை. கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

"வென் டிட் யூ ஃபைண்ட் அவுட்?"

"செவ்வாய்க்கிழமை காலையில கண்ணு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"ஐ ரேன் ஹில்ஸ் யெஸ்டர்டே. டுவென்டி டைம்ஸ். உங்க ரெண்டு பேருக்கும் தெரியும், அண்ட் ஐ ரேன்."

போட்டி, போட்டி என்று சனிக்கிழமையையே எண்ணிக்கொண்டிருந்தோம். ப்ராக்டிஸ் என்று ஒன்று இருப்பது எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவே இல்லை. அவள் எழுந்து, எங்கள் முன்னாலேயே கோச்சுக்குப் போன் செய்தாள். அம்மாவுக்கு இதய நோய், எனக்கும் இருக்கலாம், டாக்டர் சொல்லும் வரை நான் ஓட மாட்டேன் என்று ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சொல்லி வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் அவளுக்கு எக்கோ சரியாக இருந்தது. ஆனால் பிறகு வந்த மரபணுப் பரிசோதனையில், என்னிடம் இருக்கும் அதே பிழை அவளிடமும் இருந்தது. வருடா வருடம் பார்க்க வேண்டும். எவ்வளவு ஓடலாம் என்பதை டாக்டர் அவளோடு பேசி முடிவு செய்கிறார். எங்களோடு இல்லை. அவள் அப்படித்தான் கேட்டுக்கொண்டாள்.

அண்ணன் ஊரிலிருந்து இப்போதும் கூப்பிடுகிறார். இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். மோகனோடு ஒரே வீட்டில் இருக்கிறேன், தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டு. கோபம் தீர்ந்துவிட்டதா என்று ஹேமா கேட்கும்போது, தீரட்டும் பார்க்கலாம் என்கிறேன். போன வாரம் என் பேட்டரியைச் சோதிக்கப் போய்விட்டு வந்தேன். தாரிணி வாசலிலேயே நின்றாள்.

"எல்லாம் நல்லா இருக்குதாம் கண்ணு" என்றேன்.

அவள் கையை நீட்டினாள். "ஷோ மீ" என்றாள்.

ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். ஷூவைக்கூடக் கழற்றாமல், அவள் கடைசி வரி வரைக்கும் படித்து முடிக்கும் வரை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.